கொசுறு

நீதான் கெடுத்தது. வேறு எவனும் இல்லை, நீதான். தெரியாத வேலையில் எதற்குக் கை வைத்தாய், துப்புக் கெட்டவனே, ஒரு வீட்டு அடுப்படிக்குள்ளே இத்தனை மாசமாகப் பொய்யை ஓடவிட்டுவிட்டு நீ பாட்டுக்குத் தின்று தூங்கி எழுந்திருக்கிறாயே, சோறு எப்படி இறங்கியது உனக்கு என்று இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். யாரைத் திட்டுகிறோம் என்று அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அது அவர் பழக்கம். முதலில் கோபம் வந்துவிடும், அப்புறம்தான் அதற்கு ஆள் தேடுவார், பாலக்கரையில் பழைய கிரைண்டரும் மிக்ஸியும் வாங்கி விற்கிற கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான், ஆளும் எப்படியோ அகப்பட்டுவிடுவான். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஏர் ஃப்ரையரைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். பின்மூடி ஒரு பக்கம், திருகாணிகள் தேங்காய் எண்ணெய் டப்பா மூடியில், கம்பிச் சுருள் நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே. மூன்று மணி வெயில் பால்கனிக் கம்பி வழியாக வந்து அதன் வயிற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. உள்ளறையில் பிலோமி பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. புடவை எடுக்கிறாள். ஐந்து மணிக்கு டாக்டர். நரம்பு டாக்டர் என்று இவர் சொல்லுவார். மூளை டாக்டர் என்று அவள் சொல்லுவாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை இவரால் பார்க்க முடியாது, டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.

இதைப் பிரித்தே இருக்க மாட்டார். விற்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். காலையில் பிலோமி இதைத் துணியால் துடைத்து, வயரைச் சுற்றி, "இதை யாருக்காவது குடுத்துருங்க, நான் இனிமே தொடமாட்டேன், எதையாச்சும் கொளுத்திட்டேன்னா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சேத்து ஆபத்து" என்று மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். விற்கிற சாமானை ஓட்டிப் பார்க்காமல் விற்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவள் மத்தியானம் படுத்திருந்தபோது இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, கூடையில் கொட்டி, நூற்றறுபது என்று தன் விரலால் அமுக்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அமுக்கினார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது, இழுத்தால் கூடை நிறையக் கரி. புகை மூஞ்சியில் அடித்தது. திரையில் அப்போதும் நூற்றறுபதுதான் இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. முதலில் வந்தது பயம். நான்தான் ஏதாவது மாற்றி அமுக்கிவிட்டேனா? அமுக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா? இவளுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதா? தரை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் இருக்குமா அது? இருக்காது. தன் விரலைத் தானே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தோன்றியது, பிலோமி இந்தப் பயத்துக்குள்ளேதான் குடியிருக்கிறாள் என்று. போன ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பிலிருந்து காலையில் எழுந்து இதைத்தான் உடுத்திக்கொள்கிறாள், ராத்திரி இதோடுதான் படுக்கிறாள், நான் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டிருக்கிறேன்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் சென்சாரின் கால்களில் வைத்தார். மிளகு அளவு கண்ணாடி மணி, தலைமுடி மாதிரி இரண்டு கம்பி, இதுதான் அந்தப் பெரிய உடம்புக்கு மூக்கும் நாக்கும் தோலும் எல்லாம். உள்ளே எவ்வளவு சூடு என்று சர்க்யூட் பலகைக்கு இதுதான் சொல்ல வேண்டும், இது சொல்வதை நம்பித்தான் பலகை கம்பிச் சுருளுக்குக் கரண்ட் விடும், நிறுத்தும். பழைய பிஸ்கட் டப்பாவைக் கிளறி, முதலில் கம்பெனியிலிருந்து வந்த சென்சாரைத் தேடி எடுத்தார். அவர் எதையும் தூர எறிகிறவர் இல்லை. அதன் கம்பி ஓர் இடத்தில் அறுந்து போயிருந்தது, அதனால்தான் அப்போது அவரே வேறொன்றை மாட்ட வேண்டியிருந்தது. அறுந்த இடத்துக்கு மேலே நகத்தால் சுரண்டி மீட்டரை வைத்தார். ஒரு எண் வந்தது. புதியதில் வைத்தார். அதைப்போல இரட்டிப்பு வந்தது. மீட்டர்தான் தப்போ என்று தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். அதே இரட்டிப்பு. டம்ளரில் வெந்நீர் பிடித்து இரண்டையும் ஒன்றாக முக்கினார். சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும், அதுதான் இந்த மணிகளின் குணம். இரண்டும் இறங்கின. ஆனால் புதியது எப்போதும் பின்தங்கியே இறங்கியது. பழையது எங்கேயோ போய் நின்றபோது புதியது பாதி வழியில் நின்றுகொண்டு, இன்னும் சுடவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முனகிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே கொதிக்கக் கொதிக்க இது பலகையிடம் போய், ஆறித்தான் இருக்கிறது, ஊது ஊது என்று சொல்லியிருக்கிறது. பலகை பாவம், அதற்கென்ன தெரியும், ஊதியிருக்கிறது. கெட்டுப்போன சென்சார்கூட இல்லை. நல்ல சென்சார், வேறு எதற்கோ செய்தது, இந்த உடம்புக்குச் சேராதது. கெட்டிருந்தால் திரையில் எழுத்து வந்து மெஷின் நின்றிருக்கும், யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. இது நிற்கவில்லை. ஒழுங்காக மணி அடித்து, ஒழுங்காக வெளிச்சம் காட்டி, ஒழுங்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

முதல் தடவை வாழைக்காய். பிலோமி கூடையைக் கொண்டுவந்து காட்டி, "என்னங்க, இது கூடுதலாச் சுடுதே" என்றாள். அவளுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து எண்ணெய் ஆகாது என்று சொன்ன பிறகுதான் இதை வாங்கியது, காத்தடுப்பு என்று அவளே பேர் வைத்திருந்தாள். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் பாத்துச் சரி பண்ணின மெஷினுடி. மெஷின் பொய் சொல்லாது. நீதான் நம்பரை மாத்தி அமுக்கியிருப்ப" என்றார். இரண்டாவது தடவை மீன். அப்போதும் சொன்னாள், ஆனால் "கூடுதலாச் சுடுதோ?" என்று கேள்வியாகச் சொன்னாள். இவர் கத்தினார். கண் எங்கே போச்சு, மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்க, வஞ்சிரம் என்ன விலை விக்குது தெரியுமா. மூன்றாவது தடவை அவள் அடுப்படியிலேயே நின்று கருகினதைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள், கரக் கரக் என்று, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்த அன்றைக்குக் கட்லெட். தட்டில் வரிசையாகக் கறுப்பாக. அவள் தட்டோடு நின்றாள். இவர் சிரித்துக்கொண்டு, ஆமாம் சிரித்துக்கொண்டுதான், "கோச்சுக்காதீங்க சாமி, இவளுக்கு இப்பல்லாம் மறதி. மண்டையில ஒண்ணும் நிக்கிறதில்லை" என்றார். சாமியார் நல்ல மனுஷன், "எனக்குப் பூசையில பக்கமே மாறிப் போகுது, விடுங்கய்யா" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார். ஆனால் சொல் சொன்னதுதான். மறதி. அன்றைக்குத்தான் முதலில் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தது, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வாசகம் வாசிப்பாள், நல்ல குரல், கடைசி வரிசை வரைக்கும் மைக் இல்லாமல் கேட்கும், அதை விட்டுவிட்டாள். வரி தப்பிடும்னு பயமா இருக்குங்க என்றாள். இவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு, "எட்வின், அம்மாவுக்கு முத்திக்கிட்டு வருதுடா" என்றார். அவன் பதறிப்போய், "அப்பா, ஆரம்பத்துலேயே பாத்துட்டா நல்லதுப்பா" என்று டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். பால்கனியில் நின்றுதான் பேசினார். திரும்பினால் பிலோமி காயப்போட்ட துணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் கிளிப்போடு.

சரி, அடுப்பு ஒன்றுதானா, மற்றதெல்லாம்? மனசு உடனே வக்கீல் மாதிரி எழுந்து நின்றது. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தாளே. தொலைத்தாளா? டிவி மேல் இருந்தது. டிவி மேல் யார் வைப்பார்? அவள் டிவி பக்கம் போகிறவளே இல்லை. ரிமோட் எடுக்கப் போகும்போது கையில் அகப்பட்டதை எல்லாம் அங்கே வைப்பது யார்? சரி, அது போகட்டும். கேஸை மூடாமல் விட்டாளே. விட்டாள். ஆனால் அது எப்போது? துணிக்குப் பின்னால் நின்ற நாளுக்கு அப்புறம். அதற்குப் பிறகு அவள் கேஸை மூடுவாள், அறைக்குப் போவாள், மூடினோமா என்று திரும்பி வருவாள், திருப்பிப் பார்ப்பாள், மூடுவாள், மறுபடி வருவாள், அப்படி நாலு தடவை திருகினதில் ஒரு தடவை திறந்த பக்கம் நின்றுவிட்டிருக்கலாம். மாடி வீட்டு அம்மாள் பேரை மறந்தாளே, லிஃப்டில் அந்தம்மாள் முகத்துக்கு நேரே தடுமாறினாளே, அது? அது நிஜமாகவே இருக்கலாம். இந்த வயதில் யாருக்குத்தான் பேர் உடனே வருகிறது, அவருக்கே நேற்று, யார் பேர் அது, எதிர்க்கடைக்காரன் பேர், அவன் பேர். வரவில்லை. பார், வரவில்லை. யாராவது என் பக்கத்தில் நின்று, பாத்தீங்களா பாத்தீங்களா என்று விரல் நீட்டினால் என் பேரே எனக்கு வராது. அவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு கண்ணாடி மணி சொன்ன பொய்யை எடுத்துக்கொண்டு, அவள் தப்புப் பண்ணுவதற்காக ஒவ்வொரு வாசலிலும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார், இதோ ஒன்று, இதோ இன்னொன்று என்று. அவளும் கடைசியில் பார்த்துப் பார்த்துத் தப்புப் பண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இந்தச் சென்சாரைக் கொடுத்தவன் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டாமா? இதோ அகப்பட்டான் ஆள். சிங்காரத்தோப்பில் சந்துக்குள்ளே, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவில் ஒரு கடை. பிடித்துச் சட்டையை உலுக்க வேண்டும் அவனை. நாளைக்கே போகிறேன். அன்றைக்குக் கடைக்காக ஃபேன் கெப்பாசிட்டர் ஒரு பெட்டி வாங்கப் போயிருந்தார். பேரம் என்றால் பேரம், அவன் மூஞ்சி சுண்டிப் போய், இதுக்கு மேல இறங்கினா நான் கடையைச் சாத்திட்டு உங்க பின்னாடியே வந்துர வேண்டியதுதான் என்று சிரிக்கவும் முடியாமல் சொன்னான். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு இவர் எப்போதும்போல நின்றார். "அப்புறம், கொசுறு?" கொசுறு வாங்காமல் இன்னாசி எந்தக் கடைப் படியையும் இறங்கியதில்லை. கறிவேப்பிலை, வாஷர், ஒரு முழம் வயர், கல்யாணப் புடவை எடுத்த கடையில்கூட ஒரு துண்டு. "கல்லறையில குழி வாங்கினாலும் இவரு ஒரு கூடை மண்ணு கொசுறு கேப்பாரு" என்று பிலோமி அவருடைய அக்கா தங்கச்சிகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பாள், அப்போதெல்லாம் எவ்வளவு வாயாடி அவள். "ஏர் ஃப்ரையர் சென்சார் ஒண்ணு போடுய்யா" என்றார். அவன் டப்பாவைத் திறந்தான், ஒன்றை எடுத்து வீசினான். அவ்வளவுதான். அவன்தான். பார்க்காமல் வீசினான். இல்லை. வீசவில்லை. டப்பாவைத் திறந்துவிட்டு அவன் நின்றான். நின்றானா? இன்னாசி மீட்டர் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நின்றான். நின்று ஏதோ கேட்டான். கேட்டது ஞாபகம் இருக்கிறது, நேற்று நடந்ததுபோல இருக்கிறது, மறக்கவே இல்லை, மறந்த மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். "சார், இதுல ரெண்டு மூணு அளவு வருது. பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். பழசு இருந்தாக் குடுங்க, மீட்டர் வச்சுப் பாத்துத் தரேன்." பழசு இருந்தது. சட்டைப் பையில் இருந்தது. கழுத்துக் கயிற்றில் தொங்குகிற மாதா உத்தரியத்துக்குப் பக்கத்திலேயே, காகிதத்தில் சுற்றி, அதன் அறுந்த கம்பி நெஞ்சில் குத்திக்கொண்டுகூட இருந்தது. கையைப் பைக்குக் கொண்டுபோனார். கொண்டுபோன கையை இறக்கினார். ஏன் என்றால், பழசை எடுத்துக் காட்டி, அவன் அளந்து, தேடி, இதுதான் என்று எடுத்துக் கொடுத்தால் அதற்கு விலை வந்துவிடும். அளந்து கொடுக்கிற எதுவும் கொசுறு இல்லை. "பழசெல்லாம் இல்லை. எல்லாம் ஒண்ணுதான்யா, நீ போடு" என்றார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு மேலே இருந்ததை எடுத்துப் போட்டான். ஜெயித்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தார், நல்ல குளிர்ச்சி.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நூறு. தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு." பிலோமி தலை வாரிக்கொண்டே சொல்கிறாள். டாக்டர் நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்லுவாராம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எழுபத்தொம்பது. எழுபத்திரண்டு." இவரும் கூடவே மனசுக்குள் குறைத்தார். நின்றுவிட்டாள். "அறுபத்தஞ்சு." சரிதான். எல்லாம் சரிதான். இவருக்குத்தான் அறுபத்தைந்து அவளுக்கு அப்புறம் வந்தது. "இன்னிக்கு வியாழக்கிழமை. இது திருச்சி. நான் பிலோமினா." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், சின்னதாக, "நான் பிலோமினா." சிலுவை வரைகிற மாதிரி. கதவு திறந்தது. நீலப் பூப்போட்ட புடவை, பூசைக்கு வாசகம் வாசிக்கப் போகும்போது கட்டுவது. கையில் ஒரு பை, தண்ணீர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அதைப் போட்டுப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கிளம்பலையா?"

"பிலோமி, இங்க வாம்மா. இப்படி உக்காரு."

அவள் உட்காரவில்லை. முகத்தில் என்னவோ மாறியது.

"மெஷின்லதாம்மா கோளாறு. கம்பெனிக்காரன் மட்டமான சாமானை வச்சிருக்கான். சூட்டைத் தப்புத் தப்பாக் காட்டியிருக்கு. உம்மேல ஒண்ணும் இல்லை."

வாய் எவ்வளவு சுலபமாகப் பாதி விலையில் வந்து நின்றுகொண்டது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பிலோமி கவிழ்ந்து கிடந்த மெஷினைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

"என்ன சரிங்க? நெசமாத்தான் சொல்றேன்."

"எட்வினும் நேத்து அப்படித்தான் சொன்னான். ஒண்ணும் இருக்காதும்மா, சும்மா ஒரு செக்கப்தாம்மான்னு. எல்லாரும் ஏன் எங்கிட்ட இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?" பையின் காதை விரலில் சுற்றினாள். "நீங்க என்னை வாம்மான்னு கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எங்கம்மா செத்த அன்னிக்குக் கூப்பிட்டீங்க. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான். மீன் கருகினதுக்கு என்ன கத்துக் கத்தினீங்க, அப்ப எனக்குப் பயமே இல்லைங்க, மனுஷன் நல்லாத்தான் இருக்காரு, நானும் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்." உதட்டை ஒரு பக்கம் இழுத்துச் சிரித்தாள், இவர் டிவி பக்கம் திரும்பிக்கொள்ள முடியாத கிட்டத்தில் நின்று சிரித்தாள். "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

செருப்பு மாட்ட அவள் வாசலுக்குப் போனாள். இன்னாசி எழுந்தார், எழுந்த இடத்திலேயே நின்றார். உள்ளங்கையில் இரண்டு மணிகள், பார்த்தால் ஒன்று மாதிரியே இருக்கின்றன. வெளியே லிஃப்டின் கதவு எங்கோ கீழே மூடுகிற சத்தம். நாளைக்குச் சொல்லலாம், டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் சொல்லவே வேண்டாம், டாக்டர் ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்லி என்ன பயன், இப்படிப் பார்த்தால் இரண்டு பக்கமும் லாபம்தான், இப்படித்தான் அவருடைய மண்டை வேலை செய்யும், எந்தக் கடையில் நின்றாலும் இப்படித்தான் வேலை செய்யும். அவள் குனிந்து வார் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிவிட்டு, மாட்டினோமா என்று மறுபடி தொட்டுப் பார்த்தாள். இன்னொரு காலையும் தொட்டுப் பார்த்தாள். நிறுத்து. போதும் உன் பேரம். சிங்காரத்தோப்புக்காரன் உன்னைக் கேட்டான், கம்பெனிக்காரன் கொடுத்த மணி சாகும்வரை உண்மை சொல்லிச் செத்தது, அவர்களை விடு. பைக்குப் போன கையை இறக்கினவன் எவனோ அவன் வரட்டும். ஆறுதல் சொல்ல வேண்டாம், அம்மா என்று கூப்பிட வேண்டாம், உன் சாத்வீகம் அவளைக் கொன்றுவிடும். கத்து. வழக்கமாகக் கத்துகிற அதே தொண்டையில் கத்து, பழசு என் பையிலதான்டி இருந்துச்சு, ஒரு கொசுறுக்காக இல்லைன்னு சொன்னேன், உன் மண்டைக்கு ஒண்ணும் இல்லை, என் புத்திதான்டி கருகிப் போச்சு என்று படியெல்லாம் கேட்கக் கத்து, சாமியாருக்கு, எட்வினுக்கு, மாடி வீட்டு அம்மாளுக்கு, யார் யாரிடம் சிரித்துக்கொண்டு சொன்னாயோ அத்தனை பேருக்கும் கேட்கட்டும். டாக்டர் பார்க்கட்டும், பார்க்க வேண்டியதைப் பார்க்கட்டும், ஆனால் அவள் போய் அந்த நாற்காலியில் உட்காருகிறதற்கு முன்னால் அவள் விரலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடு. லிஃப்ட் வந்துவிட்டது. அவள் உள்ளே கால் வைக்கப் போகிறாள். கெடுத்தவன் நீ. நீயே வந்து சரி பண்ணுடா.